சுருட்டு ருசி பார்க்கப் போகும் தம்பிக்கு

வேண்டாம் என்பதுதான் ஒரு பெரியப்பா சொல்ல வேண்டிய முதல் வார்த்தை. சொல்லிவிட்டேன். ஆனால் முப்பதைத் தாண்டி, தெரிந்தே இறங்கியவனிடம் அதையே ஓதிக்கொண்டிருந்தால் நீ என் பக்கம் வருவதை நிறுத்திவிடுவாய். பிடிப்பதானால் எந்த மனசோடு பிடிக்க வேண்டும் என்பதையாவது கேட்டுக்கொள்.

1. காகித வளையத்தைக் கழற்றிவிட்டுப் பற்றவை. கொஹிபா, பர்த்தகாஸ் என்று பெயர் கண்ணில் பட்டதும் நாக்கு தன் வேலையை நிறுத்திவிடும். சித்தூரில் ஒருநாள் சாயங்காலம் நண்பர் ஒருவர் வளையம் கழற்றிய சுருட்டுகளை ஆளுக்கு இரண்டாகக் கொடுத்தார். முதலாவது பட்டு, இரண்டாவது முரடு என்றார் ஒருவர். இல்லை, நேர்மாறு என்றார் இன்னொருவர். பேச்சு முற்றிக் குரல் உயர்ந்தது. மூலையில் இருந்தவர் மட்டும், "எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலீங்க" என்றார். எல்லாமே ஒரே பெட்டியில் வந்த சரக்கு! அதன் பிறகு ருசி விஷயத்தில் நான் யோசனை கேட்பதென்றால் அந்த மூலைக்காரரிடம்தான். தெரியவில்லை என்று சொல்லக் கூசாதே.

2. நிகரானதை நிகரானதோடு வை. ரொபஸ்டோ என்ற ரகத்தின் பருமன் 50 என்பார்கள். அங்குலத்தை 64 பங்காக்கினால் அதில் 50, கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர். தடிமனான சுருட்டில் புகை ஆறி வரும். ஒல்லியானது சுட்டுக்கொண்டே வரும். இரு முனையும் திறந்த திருச்சி உறையூர்ச் சுருட்டை ரொபஸ்டோவின் பக்கத்தில் வைத்து, "நம்ம ஊர் சரக்கு காரம்" என்று உதட்டைப் பிதுக்குவது நியாயமா? 1887-இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், சாம்பலை வைத்தே அது திருச்சிச் சுருட்டு என்று துப்பறிகிறார் ஹோம்ஸ். திண்டுக்கல் இலையை நம்பி மதராஸ் ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லிலேயே சுருட்டு ஆலை நடத்தியது. கியூபாவின் பினார் தெல் ரியோ மண்ணுக்கு ஒரு குணம் என்றால் திண்டுக்கல் மண்ணுக்கு வேறு குணம். மாமியார் வீட்டுக் குழம்பை அம்மா கைக்குழம்போடு ஒப்பிட்டுப் பேர் வாங்கினவன் உண்டோ?

3. ஒரு உட்காரலுக்கு ஒன்றுதான். இரண்டாவதற்கு நியாயம் சொல்ல நாக்கில் தெம்பு இருக்காது.

4. வெறும் வயிற்றில் தொடாதே. கோங்கூராவும் குண்டூர் மிளகாயும் எரியும் வாயோடும் தொடாதே. தயிர்சாதம் சாப்பிட்டு அரைமணி கழித்து உட்கார். புகையை நெஞ்சுக்குள் இழுக்காதே, வாயோடு நிறுத்து. வீறாப்புக்கு வேகமாக இழுத்த ஒரு மாப்பிள்ளைப் பையன் வியர்த்துக் கொட்டி, கல்யாண வீட்டுக் கொல்லையில் வாந்தியெடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். நிகோடினுக்கு மாப்பிள்ளை, சம்பந்தி என்ற பேதம் கிடையாது. தலை சுற்றினால் உடனே வைத்துவிட்டுக் கொஞ்சம் வெல்லம் வாயில் போட்டுக்கொள்.

5. பொருளைக் காப்பாற்றத் தெரிந்தவனுக்கே ஒப்பிடும் தகுதி. சுருட்டுக்கு 65 முதல் 70 சதவீத ஈரப்பதம் வேண்டும். நம் சித்தூர் மே மாசக் காற்றில் மேலிலை சருகாக வெடிக்கும். சென்னையில் மழைக்காலத்தில் பூஞ்சணம் பூக்கும். வெக்கை ஏறினால் இலைக்குள் இருக்கும் வண்டு முட்டை பொரித்து, ஊசி குத்தினாற்போலத் துளை விழும். பூஜை அலமாரியில் மட்டும் வைக்காதே. கற்பூர வாசனை ஏறிய சுருட்டை எந்த ஊர்க்காரனாலும் மீட்க முடியாது.

6. இரவல் வார்த்தையில் ருசி சொல்லாதே. செடார் மரத்தை நீ எந்தக் காட்டில் முகர்ந்தாய்? நம் பக்கம் கரும்பு ஆலையில் வெல்லப்பாகு அடிபிடிக்கும்போது ஒரு வாசனை வருமே, அது உனக்குத் தெரியும். மழையில் நனைந்து காய்ந்த வைக்கோல் தெரியும். சுட்ட முந்திரித் தோல் தெரியும். அவற்றை வைத்து எழுது. தேதி போட்டு, நோட்டில், அன்றைக்கே. மறுநாள் எழுதினால் பாதி கற்பனைதான்.

7. யார் பிடிப்பதையும் இளக்காரமாகப் பேசாதே. கோதாவரித் தீவுகளில் விளையும் லங்கா புகையிலைக்குக் காரம் அதிகம். ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினக் கரையோரத்தில் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் பிடிக்கும் பாட்டிமார் உண்டு. அவர்களைக் கேலிப்பொருளாக்காதே. ஆனால் அந்தப் பழக்கம் மேலண்ணத்தில் புற்றுநோய் கொண்டுவந்ததை மருத்துவர்கள் பல காலமாகச் சொல்கிறார்கள். நெஞ்சுக்குள் இழுக்காத சுருட்டும் வாயை விட்டுவைக்காது, கண்ணு. ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இரண்டு வாரம் நின்றால் பல் டாக்டரிடம் காட்டு. குழந்தை இருக்கும் வீட்டுக்குள் பற்றவைக்காதே, மொட்டை மாடிக்குப் போ.

8. கடைசி மூன்றில் ஒரு பங்கு கசக்கும். காசு கொடுத்தோமே என்று உறிஞ்சாதே, வைத்துவிடு, தானே அணையட்டும். ஒரேயடியாகக் கீழே வைத்தவர்களும் உண்டு: சுருட்டும் தாடியுமாக உலகமே அடையாளம் கண்ட பிடல் காஸ்ட்ரோ 1985-இல் சுருட்டை விட்டார். அதுவும் கியூபாவின் தலைவராக இருந்துகொண்டே.

9. திருப்பதி போகும்போது வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ. மலைமேல் பீடி, சிகரெட், சுருட்டு எதற்கும் இடமில்லை. மலையடிவாரத்து அலிபிரியில் வண்டியைச் சோதிப்பார்கள். "யார் பார்க்கப் போறாங்க" என்று மடித்த வேட்டிக்குள் ஒளித்து வந்த நம் உறவுக்காரர், பின்னால் பஸ்கள் நிற்க, பையைக் கொட்டிக்காட்டிக்கொண்டிருந்தார். மனைவி அந்தப் பக்கம் திரும்பி நின்றாள். மலையில் இருக்கும் இரண்டு நாளும் உன் கை சட்டைப்பையைத் தேடுகிறதா என்று கவனி. தேடினால் நோட்டு, வளையம், ருசி எல்லாம் சாக்குதான். அடுத்த பெட்டி வாங்காதே. புகையிலையை விட உதவும் அரசின் இலவச எண் 1800-11-2356. சிகரெட் பெட்டியில் எச்சரிக்கைப் படத்தோடேயே அச்சிட்டிருக்கிறார்கள்.