அறுவைக்கு முன் ஓர் ஊசி

நம் சிறுநீரகங்களின் மேல் தொப்பி கவிழ்த்தாற்போல் அமைந்தவை அண்ணீரகச் சுரப்பிகள். அவை சுரக்கும் ஹார்மோன்களுள் ஒன்று கார்ட்டிசால். காயம், காய்ச்சல், அறுவை என உடலுக்கு நெருக்கடி நேரும்போது இது மிகுதியாகச் சுரந்து, குருதியில் சர்க்கரையைக் கூட்டும். குருதி அழுத்தம் சரியாமல் காக்கும்.

இதற்கு நெருங்கிய உறவான கார்ட்டிசோன், முடக்குவாதத்தைத் தணிப்பதாக 1949இல் அமெரிக்க மருத்துவர் பிலிப் ஹென்ச் குழுவினர் அறிவித்தனர். படுக்கையில் கிடந்தோர் எழுந்து நடந்தனர். மறு ஆண்டே நோபல் பரிசும் வந்தது! ஆயினும், அவ்வியப்பின் பின்னே ஓர் ஆபத்து ஒளிந்திருந்தது. வெளியிலிருந்து நாள்தோறும் மருந்து வரவே, சுரப்பி தன் தொழிலை மறந்து சுருங்கிவிடும். அம்மருந்தை உண்டுவந்த ஒருவர், இடுப்பு மூட்டு அறுவைக்குப்பின் சில மணி நேரத்தில் இறந்தார். அறுவைக்கு முன் மருந்து நிறுத்தப்பட்டிருந்தது. அவருடைய அண்ணீரகங்களோ சுருங்கிக் கிடந்தன. இச்செய்தி 1952இல் மருத்துவ இதழில் வெளியானது.

அதுமுதல் இத்தகையோர்க்கு அறுவையின்போது ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி செலுத்தும் வழக்கம் பரவிற்று. அளவு மிகுந்தால் புண் ஆறத் தாமதமாகும். ஆதலின், இன்று அறுவையின் கடுமைக்கேற்ப அளந்தே கொடுக்கின்றனர்.

சிந்தித்து எழுதுக: மூட்டுவலிக்காகப் பல மாதங்கள் ஸ்டீராய்டு மாத்திரை உண்ட பாட்டிக்கு அறுவை நடக்கவிருக்கிறது. வீட்டார் மருத்துவரிடம் எதனைக் கூற மறக்கலாகாது? ஏன்?