மாந்தரையும் பற்றும் அடைப்பான் நோய்

ஜவ்வாது மலையின் நெல்லிவாசல்நாடு, புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு முதலிய மலையூர்களில் ஆடுமாடுகளே குடியானவரின் சேமிப்பாகும். மாலைவரை நன்றாய் மேய்ந்த மாடொன்று விடியற்காலையில் மாண்டு கிடந்தால், தோலையும் இறைச்சியையுமாவது காப்பாற்றலாம் என எண்ணுவது இயல்பே. ஆயின் அம்மரணம் அடைப்பானால் நேர்ந்ததாயின், அச்சிறு லாபத்திற்காக எடுக்கும் கத்தியே குடும்பத்திற்கு யமனாகக் கூடும்.

நோயின் காரணம்

இந்நோய் ஒருவகைக் கோல் வடிவக் கிருமியால் உண்டாவதென்பதை 1876-ல் ஜெர்மானிய வைத்தியர் ராபர்ட் காக் நிரூபித்தார். தொண்டை அடைப்பானும் சப்பை நோயும் வேறு கிருமிகளால் வருவன. அடைப்பான் கிருமி, இரத்தம் வெளிக்காற்றுப் பட்டவுடன் கடினமான வித்தாக மாறி, மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடிருக்கும். அறுக்கப்படாத சவத்தினுள்ளோ, அழுகலால் சில நாட்களில் பெரும்பாலும் மடிந்துபோம். ஆகவே சவத்தை அறுப்பவன் நோயை நிலத்தில் விதைப்பவனாகிறான்.

கால்நடைகளில் அறிகுறி

திடீர் மரணம், வயிறு விரைவில் உப்புதல், மூக்கு, வாய், ஆசனவாய் வழியே உறையாத கறுத்த இரத்தம் கசிதல், உடல் நன்கு விறைக்காமை. இவற்றுள் ஒன்று காணினும் அடைப்பான் என்றே ஐயுறல் வேண்டும்.

மனிதரில் அறிகுறி

தோலை உரிப்போர், இறைச்சியை அறுப்போர் ஆகியோரின் கைக்கீறல் வழியே கிருமி புகும். பெரும்பாலும் ஒரு வாரத்திற்குள் அரிப்புள்ள சிறு பரு தோன்றிக் கொப்புளமாகிப் பின் நடுவே கறுத்த பொருக்குடைய புண்ணாகும், சுற்றிலும் வீக்கமுண்டு. வலி இராது, அதனாலேயே பலர் அலட்சியம் செய்கின்றனர். சிகிச்சையின்றி விடின் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேர் வரை இறப்பர். காலத்தில் பெனிசிலின் முதலிய மருந்தளித்தால் ஏறக்குறைய யாவரும் பிழைப்பர். இறைச்சியை உண்பதால் வரும் வயிற்று நோயும், வித்துகளைச் சுவாசிப்பதால் வரும் நுரையீரல் நோயும் இதனினும் கொடியன. சாதாரணச் சமையலும், தோலை உப்பிட்டு உலர்த்தலும் வித்துகளை அழிக்குமென்று நம்பலாகாது.

ஒடிஸாவின் கோராபுட் மலைப்பகுதியில் இறந்த மாட்டை அறுத்து உண்டோரிடை இந்நோய் பலமுறை கண்டிருக்கிறது. நம் மலைக்கு அண்மையிலுள்ள வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களும் சென்ற நூற்றாண்டின் இறுதியில், தென்னிந்திய நோயாளிகளிடம் இதனைக் கண்டு எழுதியுள்ளனர்.

செய்யத்தக்கவை

1. இறந்த பிராணியை அறுக்கவும் தோலுரிக்கவும் கூடாது. நாய், நரி, காக்கை அணுகாமல் காவல் வைக்கவேண்டும்.

2. உடனே கிராம நிர்வாக அலுவலருக்கோ ஊராட்சிக்கோ அறிவிக்கவேண்டும். 2009-ம் ஆண்டின் மத்திய கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டம் உடையவர் மேல் இக்கடமையை விதிக்கிறது. அவர்கள் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க, அவர் காதோரத்தினின்று ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதிப்பார்.

3. சவத்தையும் இரத்தம் சிந்திய மண்ணையும் வைக்கோலையும் முற்றிலும் எரிக்கவேண்டும். இயலாவிடின் கிணறு, ஓடைகளுக்கு அப்பால் ஆறடி ஆழத்தில் புதைக்கவேண்டும். அவ்விடத்தில் மேய்த்தல் ஆகாது.

4. சவத்தைத் தொட்டவர் கைகளைச் சோப்பினால் நன்கு கழுவி, பருவோ காய்ச்சலோ கண்டவுடன் மலையிலிருந்து இறங்கி மருத்துவமனை சென்று, மாடு இறந்த செய்தியையும் கூறவேண்டும்.

5. நோய் கண்ட இடங்களில் ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவிக்கவேண்டும். இம்மருந்து, 1932-ல் தொடங்கப்பெற்ற இராணிப்பேட்டைக் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்திலேயே தயாராகிறது.

ஒரு மாட்டின் தோலை இழப்பது நஷ்டந்தான். ஆனால் அத்தோலோடு போவது உழுபவனின் உயிராயின், அந்நஷ்டத்திற்கு ஈடேது? கிராம அதிகாரிகளும் பெரியோர்களும் இதனை ஊர்க்கூட்டங்களில் எடுத்துரைப்பார்களாக.