விளையாட்டு வீரனின் கச்சை

ஒரு கிரிக்கெட் பந்தின் நிறை ஏறத்தாழ 160 கிராம். அதை ஒருவர் மணிக்கு 90 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் வீசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்தின் உந்தம் 0.16 × 25 = 4 கிலோகிராம் மீட்டர்/விநாடி. அது உடலில் பட்டு, ஒரு விநாடியில் ஐந்நூற்றில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடுவதாகக் கொண்டால், சராசரி விசை 2,000 நியூட்டன். சுமார் 200 கிலோகிராம் எடைக்குச் சமம்! தொடையில் பட்டால் கன்றிப் போகும். தடித்த தசை தாங்கிக்கொள்ளும். இரு தொடைகளுக்கும் நடுவே பட்டால்?

இந்தக் கேள்வியைக் கேட்டதும் வகுப்பில் சிரிப்பு எழும். சிரித்துவிட்டுப் பாடத்துக்கு வாருங்கள்.

மூளைக்கு மண்டையோடும் இதயத்துக்கு விலா எலும்புகளும் காப்பாக உள்ளன. விரைகளுக்கு அப்படி எதுவும் இல்லை. விந்தணுக்கள் உருவாக, உடலின் வெப்பநிலையைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைவாக இருக்க வேண்டும். அதனால் அவை வயிற்றறைக்கு வெளியே ஒரு தோல்பையில் அமைந்துள்ளன. அந்தக் குளிர்ச்சிக்குக் கொடுத்த விலை, பாதுகாப்பின்மை.

ஓடும்போது வேறொரு தொல்லை. ஒவ்வோர் அடிக்கும் உடல் எழுந்து தாழ்கிறது. தொங்கும் உறுப்போ நிலைமத்தால் பின்தங்கி இழுபடுகிறது. நம் நாட்டு மல்லர்கள் இதை அறிந்தே லங்கோட்டை இறுகக் கட்டிக்கொண்டு களத்தில் இறங்கினர். அதில் அவர்களுக்கு வெட்கம் ஏதும் இருந்ததில்லை. அமெரிக்காவில் 1874-இல் சிகாகோ நகரின் ஷார்ப் அண்டு ஸ்மித் நிறுவனத்தைச் சேர்ந்த பென்னட் என்பவர், சைக்கிள் ஓட்டிகளுக்காக ஒரு மீள்பட்டைக் கச்சையை அமைத்தார். பாஸ்டன் நகரத்துக் கல் பாவிய தெருக்களில் அவர்கள் பட்ட பாடு அப்படி! டன்லப் சைக்கிளுக்குக் காற்றடைத்த டயரைச் செய்ததே 1888-இல்தான்.

பின்னர் இந்தக் கச்சை உடற்பயிற்சிக் கூடங்களில் கட்டாய உடையாயிற்று. அணியாவிட்டால் குடலிறக்கம் வரும் என்றும் பலர் நம்பினர். குடலிறக்கம் வயிற்றுச் சுவரின் பலவீனத்தால் வருவது. கீழே கட்டும் பட்டை அதைத் தடுக்காது. 1958-இல் ஸ்பாண்டெக்ஸ் என்னும் மீள் இழை கண்டுபிடிக்கப்பட்டது. அதிலிருந்து உடலோடு ஒட்டிய அரைக்கால் சட்டைகள் வந்த பிறகு, பழைய கச்சை கேலிப்பொருளாகிவிட்டது. இளைஞர்கள் அதைத் தாத்தா காலத்துப் பொருள் என்றனர்.

இங்கேதான் ஒரு குழப்பம். இறுக்கமான துணி அசைவைக் கட்டுப்படுத்தும், அடியைத் தாங்காது. ஓட்டப் பந்தயத்துக்கு அது போதும். மட்டையாளருக்கும் விக்கெட் காப்பாளருக்கும் ஹாக்கி கோல் காப்பாளருக்கும் கெட்டியான கிண்ணக் கவசம் வேண்டும். கிண்ணம் விசையை விழுங்கிவிடுவதில்லை. தன் விளிம்பு முழுவதும் பரப்பி, சுற்றியுள்ள எலும்பிலும் தசையிலும் இறக்கிவிடுகிறது. பரப்பு கூடினால் அழுத்தம் குறையும் என்று படித்திருக்கிறீர்களே, அதே கதைதான். ஆனால் விளிம்பு உடலில் பொருந்தியிருக்க வேண்டும். உள்ளே சிறிது இடைவெளியும் வேண்டும். கால்சட்டைக்குள் தளர்வாகச் செருகிய கவசம் நழுவிவிடும். அப்போது விளிம்பே பட்டுக் காயமாகலாம். ஆகவே அதைப் பிடித்து நிறுத்தும் கச்சையோ, பையுள்ள இறுக்கமான கால்சட்டையோ அவசியம். கச்சைக்கு இன்றும் வேலை இருக்கிறது. அணிக்கு ஒரே கவசத்தை வைத்துக்கொண்டு, ஆட்டமிழந்தவர் கழற்றிக் கொடுக்க அடுத்தவர் மாட்டிக்கொள்ளும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். படர்தாமரை இப்படித்தான் பரவும்.

கேட்க வெட்கப்பட்டுக் கவசமின்றி ஆடும் மாணவர்கள், அடிபட்டாலும் வீட்டில் சொல்வதில்லை. சாதாரண அடியின் வலி சிறிது நேரத்தில் தணியும். ஒரு மணி நேரமாகியும் தணியாவிட்டாலோ, வீக்கமோ வாந்தியோ இருந்தாலோ, உடனே பெற்றோரிடம் சொல்லி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். விரை முறுக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் தடைப்பட்டிருக்கலாம். இது அடிபடாமலே, தூக்கத்தில்கூட நேரும். அதைக் காப்பாற்ற மருத்துவருக்குக் கிடைக்கும் அவகாசம் சுமார் 6 மணி நேரமே.