கோவில்பட்டி ஸ்டூடியோ தம்பிக்கு



உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இன்ஸ்டாகிராமில் 11,000 பேர் பின்தொடர்கிறார்கள், ஒரு ரீலை 2 லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். ஆனால் போன மாதம் ஸ்டூடியோவுக்கு வந்தவர்கள் 9 பேர், அதிலும் 6 பேர் பாஸ்போர்ட் சைஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். கடை வாடகையை அப்பாவிடம் வாங்கிக் கட்டினேன் என்ற வரியை எழுத உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். உங்கள் வயதில் நானும் அப்படிப்பட்ட மாதங்களைக் கடந்து வந்தவன்தான்.

உங்கள் பக்கத்தை முதல் பதிவு வரைக்கும் போய்ப் பார்த்தேன். வேலை சுத்தமாக இருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தை எங்கே நிறுத்த வேண்டும், கண்ணில் ஒளி எங்கே விழ வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குக் கைவந்திருக்கிறது. வெளிச்சத்தில் குறை இல்லை. ஆனால் அத்தனை பதிவுகளிலும் கோவில்பட்டிக்காரர் ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை. ஊட்டிப் பனியில் சிவப்புச் சேலையோடு ஒரு சென்னைப் பெண், தோல் ஜாக்கெட் போட்ட கோயம்புத்தூர் நண்பர், கடற்கரையில் ஒரு மாடல். பஜாருக்கு ஜவுளி எடுக்க வந்த ஒரு அம்மா உங்கள் பக்கத்தைத் திறந்தால், இது நமக்கான கடை இல்லை என்று மூடிவிடுவார். கடைக்கு ஏன் ஆள் வரவில்லை என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

நான் தொழில் கற்றது திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு ஸ்டூடியோவில், 80களின் கடைசியில். வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடி ஷோகேஸ், உள்ளே டியூப்லைட். முதலாளியை அண்ணாச்சி என்போம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரே கண்ணாடியைத் துடைத்து, இரண்டு படத்தை எடுத்துவிட்டு இரண்டு புதுப் படம் வைப்பார். பத்திரிகையில் அவர் விளம்பரம் கொடுத்து நான் பார்த்ததில்லை. டவுன் பாத்திரக்கடைக்காரர் மகள் நிச்சயதார்த்தப் படம் ஷோகேஸுக்கு வந்தால் அந்தத் தெருவே ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகும். ‘நம்ம செல்லையா மகனா இவன்? எவ்வளவு அம்சமா இருக்கான்!’ என்று யாராவது கண்ணாடி முன்னால் நின்று சொல்வார்கள். அடுத்த வாரம் அவர்கள் வீட்டிலிருந்து நாலு பேர் தலைசீவிப் பவுடர் போட்டுக்கொண்டு வருவார்கள். நம்மைப் போன்ற ஒருவரை இவர் இவ்வளவு நன்றாகக் காட்டியிருக்கிறார் என்ற நம்பிக்கைதான் அவர்களைப் படியேற வைத்தது. அழகான அந்நியரின் முகம் அந்த வேலையைச் செய்யாது.

அதற்கும் முந்தைய தலைமுறை வேறொரு வழி வைத்திருந்தது. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடித் திரட்டி டிஜிட்டலாக்கியிருக்கிறது. அந்தக் காலப் படங்களை ஒட்டிய தடித்த அட்டையைப் பார்த்தீர்களானால் அடியில் ஸ்டூடியோவின் பெயரும் ஊரும் அச்சாகியிருக்கும். மாப்பிள்ளை வீட்டுக்குப் போன படமும் கொழும்புக்குப் போன படமும் கடையின் முகவரியைச் சுமந்துகொண்டே போயின. உங்கள் பக்கத்தின் பெயர் வரியில் ‘விஷுவல் ஸ்டோரிடெல்லர்’ என்று இருக்கிறது. ஊர் இல்லை, தெரு இல்லை, போன் நம்பர் இல்லை. முதலில் அதை மாற்றுங்கள். ‘போர்ட்ரெய்ட் ஸ்டூடியோ, கோவில்பட்டி’ என்று பெயர் வரியிலேயே போடுங்கள். இன்ஸ்டாகிராமில் தேடுகிறவருக்கு அந்த வரி கண்ணில் படும். ஒவ்வொரு பதிவிலும் இடத்தைக் குறியுங்கள். கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்யக் காசு கேட்பதில்லை. கழுகுமலையில் இருக்கும் ஒருவர் ஸ்டூடியோ தேடினால் அந்த மேப்பில்தான் முதலில் தேடுவார். படம் வாங்கிப் போகிறவரிடம் இரண்டு வரி விமரிசனம் எழுதச் சொல்லிக் கேட்கலாம். தள்ளுபடி தருகிறேன் என்று சொல்லி எழுதி வாங்காதீர்கள், கூகுள் அதை அனுமதிப்பதில்லை.

விளம்பரத்துக்கு மொத்தமாக 4,000 ரூபாய் செலவழித்தேன் என்கிறீர்கள். இன்ஸ்டாகிராம் அதை யாருக்குக் காட்டியது என்று பார்த்தீர்களா? பூஸ்ட் பொத்தானை அழுத்தும்போது ஆட்களை நாமே தேர்ந்தெடுக்காவிட்டால் படத்தை எங்கெங்கோ உள்ளவர்களுக்குக் காட்டிக் கணக்கு முடித்துவிடும். கோவில்பட்டியைச் சுற்றி 25 கிலோமீட்டர் என்று வட்டம் போடுங்கள். எட்டயபுரமும் கழுகுமலையும் அதற்குள் வந்துவிடும். விளம்பரத்தைத் தொட்டால் நேரே உங்கள் வாட்ஸ்அப் திறக்கும்படி அமைக்கலாம். நாளொன்றுக்கு 200 ரூபாய் வீதம் 5 நாள் போதும். பார்த்தவர் எண்ணிக்கையை விட்டுவிட்டு, விலை கேட்டு எத்தனை பேர் எழுதினார்கள் என்பதை மட்டும் நோட்டில் குறித்து வாருங்கள்.

விலை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ‘விலைக்கு டிஎம் செய்யவும்’ என்று எல்லாப் பதிவிலும் போட்டிருக்கிறீர்கள். நம் ஊரில் விலை தெரியாத கடைக்குள் நுழையப் பலர் கூச்சப்படுவார்கள். கேட்டபிறகு வேண்டாம் என்று சொல்வது அவர்களுக்கு அவமானமாக இருக்கும். குடும்பப் படம் இவ்வளவு, 12க்கு 18 லேமினேஷனோடு இவ்வளவு என்று தமிழில் எழுதிவிடுங்கள். வாட்ஸ்அப் பிசினஸில் கேட்டலாக் இருக்கிறது. அங்கேயும் அதே விலை இருக்கட்டும். சாயங்காலம் கேட்டவருக்கு மறுநாள் மதியம் பதில் போனால் அவர் அதற்குள் வேறு கடைக்குப் போயிருப்பார்.

இனி எதைப் படமாக்கிப் போடுவது என்பது. முகூர்த்தம் இல்லாத ஆடி, புரட்டாசி, மார்கழியில் கடை காய்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கல்யாண வேலைக்குப் போகிற எல்லோருக்கும் அப்படித்தான். ஆனால் போர்ட்ரெய்ட்டுக்கு முகூர்த்தம் தேவையில்லை. கிருஷ்ண ஜெயந்தி வரும்போது மயிலிறகும் புல்லாங்குழலுமாகக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பே, போன வருடம் வந்த ஒரு குழந்தையின் படத்தைப் பெற்றோர் சம்மதத்தோடு போட்டு நினைவூட்டுங்கள்.

இதையெல்லாம்விட நான் பெரிதாக நினைக்கிற வேலை வேறு. ஸ்டூடியோ வைத்திருக்கும் எவரும் இதை அறிவார். ஒருவர் இறந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ மகன் கடைக்கு வருவார். கையில் ஆதார் அட்டை இருக்கும், இல்லையென்றால் ஏதோ கல்யாணத்தில் பின்வரிசையில் பாதி முகம் தெரிகிற படம். ‘பதினாறாம் நாளுக்குள்ள பெருசாக்கித் தாங்க, வேற படம் எதுவும் இல்ல’ என்பார். நாமும் வெட்டி, ஒட்டி, டச்சப் செய்து, வேறு யாரோ ஒருவரின் சட்டையைப் போட்டுக் கொடுப்போம். அந்த வீட்டுப் பேரக்குழந்தைகள் வாழ்நாள் முழுக்கத் தாத்தா என்று பார்க்கப்போவது அதைத்தான். ஆதார் மையத்தில் மிரண்டுபோய் உட்கார்ந்திருந்த ஒரு நிமிடத்தின் முகம் அது. எத்தனை பேருக்கு அப்படிச் செய்து கொடுத்தேன் என்று கணக்கில்லை, ஒவ்வொரு தடவையும் வருத்தப்பட்டிருக்கிறேன்.

எட்டயபுரம் உங்களுக்குப் பக்கத்து ஊர். அங்கே பிறந்த பாரதியின் படங்களில் நமக்குக் கிடைத்திருப்பவற்றை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். பள்ளிக்கூடச் சுவரிலும் பாடப்புத்தகத்திலும் நாம் பார்க்கும் பாரதி முகம் அந்தச் சில படங்களிலிருந்து வரையப்பட்டதுதான். 1919இல் காரைக்குடியில் கேமரா முன் அவரை நிறுத்தியவர்கள் அன்றைக்கு அந்தச் சிரமத்தை எடுக்காமல் இருந்திருந்தால் அந்த முகத்தில் ஒரு பகுதி நமக்கு இல்லாமலே போயிருக்கும்.

எனவே பெரியவர்களைப் படமெடுங்கள். ‘அறுபது தாண்டியவர்களுக்கு ஆடி மாதம் முழுக்கப் போர்ட்ரெய்ட்’ என்று அறிவியுங்கள். சாவைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். பம்படம் போட்ட காது, தீப்பெட்டி ஒட்டித் தடித்த விரல், கரிசல் காட்டு வெயில் கீறிய நெற்றி, இவையெல்லாம் உங்கள் வட்டாரத்தில்தான் இருக்கின்றன, ஊட்டியில் இல்லை. படத்தோடு அவர் யார், என்ன வேலை பார்த்தார் என்று நாலு வரி தமிழில் எழுதுங்கள். ‘இது எங்க டீச்சர்’ என்று ஒருவர் அதைத் தன் வீட்டு வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவார். பழைய ஷோகேஸ் வாசலில் நடந்தது அங்கே நடக்கும்.

படத்தில் தோலின் நிறத்தை மாற்றாதீர்கள். ‘கொஞ்சம் கலர் ஏத்துங்க’ என்று வருகிறவர்கள் கேட்பார்கள். பென்சிலால் நெகட்டிவ் டச்சப் செய்த காலத்திலேயே கேட்டார்கள். உங்கள் பக்கத்தில் சில படங்களில் கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறமாக இருப்பதைப் பார்த்தேன். மாநிறத்தையும் கறுப்பையும் பக்கவாட்டு வெளிச்சத்தில், எதிர்ப்புறம் ஒரு தெர்மகோல் அட்டை வைத்து எடுத்தால் என்ன மினுமினுப்பு வரும் என்று உங்களுக்கே தெரியும். அப்படிப் பத்துப் படம் வரிசையாகப் போடுங்கள். இத்தனை நாளும் வெளுத்த முகத்தைத் தன் முகம் என்று வாங்கிப் போனவர்கள் உங்களைத் தேடி வருவார்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை, நீங்களும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இப்போது சம்மதம். அண்ணாச்சி ஒரு முறை கல்லூரிப் பெண் ஒருத்தியின் படத்தைக் கேட்காமல் ஷோகேஸில் வைத்தார். மிக நல்ல படம். பத்து நாள் கழித்து அவள் அப்பா வந்தார். சத்தம் போடவில்லை. ‘படத்தை எடுத்துருங்க அண்ணாச்சி, ரோட்டுல போறவன்லாம் நின்னு பேசுறான்’ என்று மட்டும் சொன்னார். அண்ணாச்சி படத்தையும் நெகட்டிவையும் சேர்த்து அவர் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு கேட்காமல் ஒரு படமும் கண்ணாடிக்குள் போகவில்லை. அந்த ஷோகேஸை ஜங்ஷன் மட்டும்தான் பார்த்தது. உங்களுடையதை உலகமே பார்க்கிறது, படத்தை நகலெடுக்கிறது, முகத்தை வெட்டி வேறு உடம்பில் ஒட்டுகிறது.

சட்டமும் நாம் நினைப்பதுபோல் இல்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் காசு கொடுத்துத் தனக்காக எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் அவரே. கேமரா நம்முடையது என்பதால் படமும் நம்முடையது ஆகிவிடாது. 2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தைகளாகவே கொண்டு பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. ஆகவே பில் புத்தகத்தோடு ஒரு சிறு சீட்டு அச்சடியுங்கள். இன்ஸ்டாகிராமில் போடலாம், கடையில் மட்டும் வைக்கலாம், எங்கும் வேண்டாம் என்று மூன்று கட்டம், கீழே கையெழுத்து. எப்போது வேண்டாம் என்றாலும் எடுத்துவிடுகிறேன் என்று அதிலேயே எழுதிக் கொடுங்கள். குழந்தையின் பள்ளிச் சீருடையோ பள்ளிப் பெயரோ படத்தில் தெரிய வேண்டாம். ‘எங்கும் வேண்டாம்’ என்று கட்டமிட்டவரிடம் மறுபடி கெஞ்சாதீர்கள். அவர்தான் ஊரில் போய், அந்தக் கடையில் தைரியமாகப் பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று சொல்லப்போகிறவர்.

ரீலில் சினிமாப் பாட்டு போடுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வணிகக் கணக்குக்கு அந்தப் பாட்டுகளைப் பயன்படுத்தப் பொதுவாக உரிமம் கிடையாது, ஒருநாள் ஒலி நிறுத்தப்படலாம். அதற்குப் பதில், படமெடுக்க வரும் ஒரு ஆச்சி சேலையைச் சரிசெய்துகொண்டு ‘எங்க பாக்கணும்?’ என்று கேட்கும் குரலையே வையுங்கள்.

வருகிற ஒவ்வொருவரின் பெயரையும் நம்பரையும் காகித நோட்டில் எழுதி வையுங்கள். 2020 ஜூன் 29ஆம் தேதி டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளை அரசு தடை செய்தபோது, டிக்டாக்கையே நம்பியிருந்த எனக்குத் தெரிந்த ஒரு கலைஞரிடம் தன் ரசிகர் ஒருவரின் நம்பர்கூட இல்லை.

கடிதத்தின் கடைசியில், உங்கள் ஆச்சிக்கு 83 வயது, கடைக்கு மேலே மாடியில்தான் இருக்கிறார், ஆதாரைத் தவிர அவருக்கு வேறு படம் இல்லை என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். காலை பத்து மணிக்கு உங்கள் ஜன்னலில் நல்ல வெளிச்சம் வருகிறது, படங்களிலேயே தெரிகிறது. நாளைக்கு ஆச்சியைக் கையைப் பிடித்துக் கீழே கூட்டி வாருங்கள். எடுத்த படத்தை அவரிடம் காட்டி, ஊருக்குக் காட்டலாமா என்று கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்