மெய்நிகர் இயந்திரமும் வலையமைப்பின் விரைவும்

ஒரு கணினியினுள்ளே மென்பொருளாற் பல கணினிகளை ஆக்கி, ஒவ்வொன்றும் தனித்தியங்குவதுபோல நடத்துதல் இக்காலத்துப் பெருவழக்காகும். அவ்வாறு ஆக்கப்பட்டதை மெய்நிகர் இயந்திரம் என்பர். அதனை விருந்தாளி என்றும், அதற்கு இடமளிக்கும் மெய்க்கணினியை விருந்தோம்பி என்றும் வழங்குவர். விருந்தாளி வெளியுலகோடு செய்தி பரிமாறுங்கால் விரைவு குன்றுவது ஏன் என்பதையும், லினக்ஸ் இயக்க முறைமையின் கேர்னல் எனப்படும் கருவகம் அக்குறையை எவ்வாறு குறைத்தது என்பதையும் ஈண்டு ஆராய்வாம்.

விருந்தாளிக்குச் சொந்தமான வலையமைப்பு அட்டை இல்லை. ஆதலால், இன்ரெல் நிறுவனத்தின் ஈ1000 போன்ற அட்டையொன்றை மென்பொருள் நடித்துக் காட்டிற்று. அந்நடிப்பு அட்டைக்கு விருந்தாளி கட்டளையிடுந்தோறும் முறைவழியாக்கி அதன் இயக்கத்தை நிறுத்தி, ஆட்சியை விருந்தோம்பியிடம் ஒப்படைத்தல் வேண்டும். இவ்வெளியேற்றம் ஒவ்வொன்றும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கடிகாரத் துடிப்புகளை விழுங்கவல்லது. எனவே, தாமதத்தின் வேர் கம்பியில் இல்லை. எல்லையைக் கடக்கும் எண்ணிக்கையிலேயே உள்ளது.

இதற்கு முதல் மருந்து ரஸ்டி ரசல் வகுத்த விர்ட்டியோ ஆகும். 2008 சனவரியில் வெளிவந்த 2.6.24 ஆம் பதிப்பில் அது இடம்பெற்றது. இருசாராருக்கும் பொதுவான நினைவகத்தில் வளைய வடிவான வரிசையொன்று அமைக்கப்படும். கடிதந்தோறும் கதவைத் தட்டாது, பலவற்றைப் பெட்டியிலிட்டு ஒருமுறை மணியடிப்பது போல, பல பொதிகளுக்கு ஓர் அறிவிப்பே போதுமாயிற்று.

இரண்டாவது, மைக்கேல் சிர்க்கின் ஆக்கிய வீஹோஸ்ட்-நெட். 2010 மே மாதத்து 2.6.34 ஆம் பதிப்பில் அது சேர்ந்தது. அதுவரை வெளிப்புற நிரலொன்றினூடாகச் சுற்றிச் சென்ற பொதிகள் கருவகத்தினுள்ளேயே நேராகக் கைமாறலாயின. மேலும், 1500 பைற்றுப் பொதிகளாகத் துண்டாடாது, ஏறத்தாழ 64 கிலோபைற்றை ஒரே தொகுதியாகக் கடத்தும் முறையால் நாற்பதுக்கு மேற்பட்ட கடப்புகள் ஒன்றாயின. 2013 இல் வந்த 3.8 ஆம் பதிப்பு, ஒரு விருந்தாளிக்குப் பல வரிசைகளை அளித்து, பல முறைவழியாக்கிகள் வேலையைப் பகிரச் செய்தது.

ஆயின், விரைவுக்கு விலையுண்டு. பொதிகளைச் சேர்த்தனுப்பினால் சிறு செய்தி காத்திருக்க நேரும். அதனினும் பெரிது பாதுகாப்பு. வாயிற்புறத்து வேலையை அகத்துக்குக் கொணர்ந்தால், அங்கு நேரும் வழு வீடு முழுவதையும் தாக்கும். 2019 செப்டெம்பரில் வெளிப்பட்ட வீஹோஸ்ட் வழு இதற்குச் சான்று. விருந்தாளியை இயங்கும்போதே வேறு கணினிக்கு இடம்பெயர்க்கும் வேளையில், அது தந்த விவரங்கள் செவ்வனே சோதிக்கப்படாமையால், கருவக நினைவகத்தில் எல்லைமீறி எழுதுவிக்கத் தீய விருந்தாளியால் இயன்றது. ஒரே விருந்தோம்பியிலுள்ள ஏனைய விருந்தாளிகளுக்கும் அதனால் ஆபத்து நேர்ந்திருக்கும். 2.6.34 ஆம் பதிப்பு முதலே மறைந்திருந்த அவ்வழு ஒன்பதாண்டுகளின் பின்னரே திருத்தப்பட்டது.

கடக்கும் எல்லைகளைக் குறைத்தல் பொறியியலாரின் திறன்; எஞ்சிய எல்லையிற் காவலைத் தளர்த்தாமை அவர்தம் கடன். இத்துறை பயிலும் மாணவர் இவ்விரண்டையும் ஒருங்கே கற்பாராக.