வாய்பாடும் வரம்பும்

நுழையும்முன்

வாய்பாட்டை மனப்பாடம் செய்வது எளிது. அது எந்த நிலையில் பொருந்தும் என்று அறிவதே கல்வி. இயக்கவியலில் மாணவர் பலர் செய்யும் பிழையொன்றை இப்பாடம் விளக்குகிறது.

சுங்கச்சாவடி அருகே

சென்னை – திருச்சிராப்பள்ளி தேசிய நெடுஞ்சாலையில், திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையே அமைந்துள்ள ஊர் விக்கிரவாண்டி. கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் செல்லும் சாலை இங்குதான் பிரிகிறது. இவ்வூர்ச் சுங்கச்சாவடியை நோக்கி நேர்கோட்டில் வரும் மகிழுந்து ஒன்றைக் கருதுவோம். அதன் திசைவேகம் மணிக்கு 72 கி.மீ.; அதாவது நொடிக்கு 20 மீட்டர். முன்னே வாகனங்கள் நிற்பதைக் கண்ட ஓட்டுநர் பிரேக்கை அழுத்துகிறார். நொடிக்கு 20 மீட்டராக இருந்த திசைவேகம், ஒவ்வொரு நொடியிலும் 4 குறைந்து, 5 நொடிகளில் சுழியாகிறது. இந்த 5 நொடிகளில் மகிழுந்து கடந்த தொலைவு யாது?

'திசைவேகம் × நேரம்' எனக் கொண்டு, 20 × 5 = 100 மீட்டர் என விடை எழுதுவோர் பலர். சரியான விடை 50 மீட்டர்.

பிழையின் வேர்

திசைவேகம் மாறாதிருக்கும்போது மட்டுமே அவ்வாய்பாடு நேரடியாகப் பொருந்தும். இங்கே அது 20இலிருந்து சுழிக்கு இறங்குகிறது. எனவே சராசரித் திசைவேகத்தையே பெருக்க வேண்டும்: (20 + 0) ÷ 2 = 10; 10 × 5 = 50 மீட்டர். இவ்வாறு பாதியாக்குவதும் முடுக்கம் சீராக உள்ளபோது மட்டுமே செல்லும். ஓய்விலிருந்து சீராக முடுக்கம் பெறும் பொருளுக்கு இவ்வுண்மையைக் கலிலியோ 1638இல் வெளியான தம் நூலில் வடிவியல் முறையில் நிறுவினார்.

உயிர் காக்கும் கணக்கு

ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்த ஓட்டுநருக்கு ஒரு நொடி ஆகிறது எனக் கொள்வோம். அந்நொடியில் திசைவேகம் மாறுவதில்லை. ஆகவே 'திசைவேகம் × நேரம்' அங்கே சரியே. அதில் கடப்பது 20 மீட்டர். பின்னர் 50 மீட்டர். மொத்தம் 70 மீட்டர்.

அதே மகிழுந்து மணிக்கு 108 கி.மீ., அதாவது நொடிக்கு 30 மீட்டர் திசைவேகத்தில் வந்தால்? திசைவேகம் ஒன்றரை மடங்கு. ஆதலின் தொலைவும் ஒன்றரை மடங்காகி 105 மீட்டர் ஆகும் என்றே மனம் எண்ணும். உண்மையில் அது நிற்க 7.5 நொடிகள் ஆகும். கடக்கும் தொலைவு 30 + (15 × 7.5) = 142.5 மீட்டர். எண்ணியதற்கும் நிகழ்வதற்கும் இடையே 37.5 மீட்டர் வேறுபாடு! சாலையைக் கடக்கும் ஒருவர் அந்த இடைவெளிக்குள் இருக்கக்கூடும். தேர்வில் இப்பிழைக்கு மதிப்பெண் குறையும். சாலையிலோ உயிரே போகலாம்.

எண்களை இடுமுன் 'இங்கே மாறாதது எது?' என்று வினவும் பழக்கம் வேண்டும்.

கற்பவை கற்றபின்

ஒரு பேருந்து விக்கிரவாண்டியிலிருந்து விழுப்புரத்திற்கு மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் சென்று, அதே வழியில் 60 கி.மீ. வேகத்தில் திரும்புகிறது. பயண நேரத்தில் அதன் சராசரி வேகம் 50 அன்று, 48. சராசரித் திசைவேகமோ சுழி. காரணங்களை விளக்குக.