பைசன்களைக் காத்தவர்கள் யார்?

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், மிஷன் மலைத்தொடரின் மேற்கு அடிவாரத்தில் விரிந்து கிடக்கிறது ஃபிளாட்ஹெட் பழங்குடி நிலம். சாலிஷ், பாண்டரே, கூட்னி ஆகிய மூன்று இனத்தாரின் கூட்டு அரசு அதை ஆள்கிறது. 1855இல் கையெழுத்தான ஹெல்கேட் உடன்படிக்கையில் தாய்நிலத்தின் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தவர்கள், தங்களுக்கென்று வைத்துக்கொண்ட 12 லட்சத்துக்கும் மேற்பட்ட ஏக்கர் இது. இவர்களைப் பற்றி உலவும் தவறான எண்ணங்களில் மிகப் பெரியதிலிருந்து தொடங்குகிறேன்.

நம்பிக்கை: அழியவிருந்த பைசன் காட்டெருமைகளை அங்கே காப்பாற்றியது அமெரிக்க அரசு.

உண்மை: அரசு வருவதற்கு முன்பே காப்பாற்றியாகிவிட்டது. 1870களில், சமவெளியெங்கும் பைசன்கள் சுட்டுத் தள்ளப்பட்டுக்கொண்டிருந்தபோது, லத்தாத்தி என்ற இளைஞர் தாயிழந்த சில கன்றுகளை மலை கடந்து ஓட்டிவந்தார். அந்த யோசனையை முதலில் முன்வைத்தவர் அவருடைய தந்தை. கன்றுகள் பெருகின. 1884இல் லத்தாத்தியின் மாற்றாந்தந்தை அவற்றை மிஷேல் பாப்லோ, சார்லஸ் அலார்ட் என்ற இருவரிடம் விற்றார். பழங்குடி நிலத்திலேயே மேய்ந்த அந்த மந்தை நாட்டின் மிகப் பெரிய மந்தைகளில் ஒன்றானது.

அதைக் கலைத்தது அரசுதான். 1904இல் வந்த சட்டம் பழங்குடி நிலத்தைத் துண்டு போட்டு வெளியார் குடியேற்றத்துக்குத் திறந்துவிட்டது. மேய்ச்சலுக்கு இடமில்லாமல் போன பாப்லோ, 1907 தொடங்கி 600க்கும் மேற்பட்ட பைசன்களைக் கனடாவுக்கு விற்றார். அடுத்த ஆண்டே, 1908இல், பைசன்களைக் காக்கப்போவதாகச் சொல்லி அதே பழங்குடி நிலத்தில் சுமார் 18,500 ஏக்கரை அவர்கள் சம்மதமின்றி எடுத்து ‘தேசிய பைசன் காப்பகம்’ அமைத்தது வாஷிங்டன். அங்கே விடப்பட்ட விலங்குகளில் பெரும்பாலானவை அலார்டின் பங்கிலிருந்து வந்த வழித்தோன்றல்கள். வளர்த்தவர்களுக்கு வேலி; பெயர் மட்டும் அரசுக்கு. இந்த வரலாற்றை நிதானமாகப் படிக்க என்னால் முடிவதில்லை.

1971இல் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று, அந்த நிலத்தை எடுத்தது அரசியலமைப்புக்குப் புறம்பானது என்றது. இழப்பீடு கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை.

நம்பிக்கை: காப்பகத்தைப் பழங்குடிகளிடம் கொடுத்தால் அது பொதுமக்களுக்கு இல்லாமல் போய்விடும்.

உண்மை: இந்த அச்சத்தை வைத்தே பல ஆண்டுகள் காலம் கடத்தினார்கள். கூட்டு நிர்வாகத்துக்கான ஒப்பந்தங்கள் 2006இலும் 2010இலும் முறிந்தன. கடைசியில் 2020 டிசம்பரில் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் நிலம் திரும்பியது. பைசன்களைப் பேணுவதற்கென்றே அதை வைத்திருக்க வேண்டும், மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. 2022இல் நிர்வாகம் முழுமையாகக் கைமாறியது. இன்றும் பார்வையாளர்கள் காரில் சுற்றி வருகிறார்கள்.

நம்பிக்கை: பழங்குடி நிர்வாகம் என்றால் மரபும் சடங்கும்தான், அறிவியல் இருக்காது.

உண்மை: மிஷன் மலைகளில் கோடைதோறும் கிரிஸ்லி கரடிகள் மெக்டொனால்டு சிகரத்தில் ஏறி, பாறை இடுக்குகளில் மொய்க்கும் பொறிவண்டுகளையும் அந்துப்பூச்சிகளையும் தின்று கொழுக்கின்றன. அவற்றுக்குத் தொந்தரவு நேராதிருக்க, ஜூலை நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை சுமார் 10,000 ஏக்கர் மனிதர்களுக்கு மூடப்படுகிறது. கரடி என்ன தின்கிறது, எப்போது தின்கிறது என்று கவனித்துப் படித்தவர்கள்தான் இப்படியொரு விதியைப் போட முடியும். அந்த மலைச்சரிவும் சும்மா பிழைத்துவிடவில்லை. 1970களில் அங்கே மரம் வெட்டும் திட்டம் வந்தபோது எதிர்த்து நின்றவர்களில் மூன்று பாட்டிமார்கள் முக்கியமானவர்கள். 1982இல் பழங்குடி அரசு ஏறக்குறைய 92,000 ஏக்கரைக் காப்புவனமாக அறிவித்தது. ஒரு பழங்குடி அரசு தானாகவே இப்படி அறிவித்தது அமெரிக்காவில் அதுவே முதல்முறை.

நம்பிக்கை: இவர்கள் சாலை, மின்சாரம் எல்லாவற்றுக்கும் குறுக்கே நிற்பவர்கள்.

உண்மை: நெடுஞ்சாலை 93ஐ அகலப்படுத்த மாநில அரசு முனைந்தபோது, இந்த நிலத்துக்குச் சாலை ஒரு விருந்தாளி, அதற்கேற்ப நடந்துகொள்ள வேண்டும் என்று பழங்குடி அரசு வாதாடியது. 2000இல் உடன்பாடு எட்டப்பட்டது. விளைவாக, சுமார் 40 இடங்களில் விலங்குகளும் மீன்களும் கடந்துபோக வழிகள் அமைந்தன. எவாரோ அருகே விலங்குகளுக்கென்றே ஒரு மேம்பாலம் நிற்கிறது. சாலையோரப் பலகைகளில் சாலிஷ், கூட்னி மொழிகளில் ஊர், ஆற்றுப் பெயர்கள் இருக்கின்றன. மூத்தவர்களின் நினைவுகளை 1970களிலிருந்து பதிவுசெய்துவரும் பண்பாட்டுக் குழுக்கள் இல்லாமல் அது நடந்திருக்காது.

மின்சாரமா? ஃபிளாட்ஹெட் ஆற்றில் 1938இல் கட்டி முடிக்கப்பட்ட கெர் அணையை 2015இல் விலைகொடுத்து வாங்கினார்கள். பெரிய நீர்மின் அணையொன்றுக்கு உரிமையாளரான முதல் அமெரிக்கப் பழங்குடி அரசு இவர்களுடையது. மூன்று இனத்தாரின் பெயர்களையும் இன்று அந்த அணை தாங்குகிறது.